தென்றல் நகரில் தூங்கிய மாவு

மாவுத் தூக்கின் மூடியை லேசாகத் திறந்து, அந்தச் சந்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் மாயக்காள். தெருமுனைக்குத் தெருமுனை இது நடக்கும். வண்டியை நிறுத்துவாள், காதை வைப்பாள், கண்ணை மூடிக்கொள்வாள். தோட்டில் மாவு ஒட்டும். அதைப் புறங்கையால் துடைத்துவிட்டு, "தூங்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவாள். புளிக்கத் தொடங்கும் மாவு சின்னச் சின்னக் குமிழாக வெடிக்குமாம். அந்தச் சத்தம் தன் காதுக்குக் கேட்கும் என்பது அவள் கட்சி. கேட்கிறதோ இல்லையோ, போடிநாயக்கனூரில் அதை மறுத்துப் பேசிவிட்டு அவளிடம் மாவு வாங்கிவிட முடியாது.

வண்டி ஒரு பழைய மொபெட். கால் வைக்கும் இடத்தில் ஒரு தூக்கு, பின்னால் இரண்டு பக்கமும் இரண்டு தூக்கு. அவள் உட்கார்ந்த பிறகு வண்டி எங்கே இருக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும். உட்காருவதற்கு முன்னால் சீட்டில் ஒரு செம்பு தண்ணீரைச் சாய்த்தாக வேண்டும், அது ஒரு சட்டம். மார்கழியிலும் சாய்ப்பாள். எப்போதோ ஒரு சித்திரை மதியம், வெயிலில் நிறுத்திய வண்டியில் அவசரமாக உட்கார்ந்து, "ஆத்தாடி!" என்று குதித்துவிட்டாள். அன்றைக்குச் சிரித்தவர்கள் ஒவ்வொருவர் முகமும் அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதனால் வியாபாரம் முடிந்ததும் வாடிக்கைக்காரியிடம் கேட்பாள்: "ஒரு செம்பு தண்ணி கொண்டா தாயி. எனக்கில்ல, வண்டிக்கு."

பிறந்தது மலைமேல், கேரள எல்லையான போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், ஏலக்காய் எஸ்டேட்டில் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுநர் ஈஸ்வரனைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். ஆள்தான் இறங்கினாளே தவிர குரல் இறங்கவில்லை. ஒரு சரிவில் நின்று அடுத்த சரிவில் காய் எடுப்பவளைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. "மாவே...ய்" என்று அவள் ஒரு தெருவில் குரல் கொடுத்தால் மூன்றாவது தெருவில் பாத்திரத்தைக் கழுவுவார்கள். மலையிலிருந்து கூடவே வந்த இன்னொன்று மலையாளம். மாவை ஊற்றிவிட்டு, போதுமா அக்கா என்பதற்கு "மதியா சேச்சி?" என்பாள். போதும் என்று சொல்ல வாடிக்கைக்காரி வாயைத் திறப்பதற்குள் இன்னொரு அகப்பை விழுந்துவிடும்.

அடக்கம் என்ற சரக்கு அவளிடம் கிடையாது. "எம் மாவுல இட்லி ஊத்துனா இட்லிச் சட்டிக்கே பசிக்கும்" என்று தன் வாயாலேயே சொல்வாள். அப்படிப்பட்டவளின் மாவு புளித்துப்போச்சு என்று ஒரு பேச்சு வந்தது. வந்த இடம் தென்றல் நகர்.

ஊர் சிலமலைக் கிராமத்துப் பக்கமாகக் காலை நீட்டியபோது முளைத்த நகர் அது. முன்பு அங்கே மாந்தோப்பு இருந்தது. தோப்பை ஒரே வாரத்தில் வழித்துவிட்டு, வெள்ளைக் கல் நட்டு, அகலமாகத் தார் ரோடு போட்டு, நுழைவாயில் வளைவில் தென்றல் நகர் என்று எழுதினார்கள். வாங்கினவர்களுக்கு மனை கிடைத்தது. தென்றல் அந்த வளைவோடு நின்றுகொண்டது. ஒவ்வொரு வீடும் தனித்தனியாக, நாலு பக்கமும் வெயில் வாங்கிக்கொண்டு நிற்கும். வாசலில் சிமெண்டு, பின்னால் சிமெண்டு, மொட்டை மாடியில் தகரம். மேற்கே பார்த்தால் போடிமெட்டுத் தலையில் மேகம் உட்கார்ந்திருப்பது தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே வியர்க்கலாம்.

அந்த நகரின் இரண்டாவது தெருவில் இருப்பவர் பானுப்பிரியா, பள்ளிக்கூட ஆசிரியை. ஒருநாள் காலையில், பக்கத்து வீட்டு வாசலில் நாலு பெண்கள் நிற்கும்போது, கேட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நேத்து மாவ இன்னைக்கு மாவுல கலந்துர்றீங்களா? பத்து மணிக்கே புளிச்சுப் பொங்கிருது."

தப்பாக நினைக்காதீர்கள் என்று தொடங்கும் பேச்சை இதுவரை யார் சரியாக நினைத்திருக்கிறார்கள்? மாயக்காளுக்கு முகம் செத்துவிட்டது. பழைய மாவைக் கலக்கிறவள் என்ற பேச்சு ஒரு தெருவில் விழுந்தால் மறுநாள் ஊருக்கே தெரியும். மாவுக்காரிக்குப் பெயர்தான் முதல். அது போனால் கிரைண்டரை எடைக்குப் போட வேண்டியதுதான். நகரில் பாதிப் பேர் வாங்குவதை நிறுத்தினார்கள். மீதிப் பேர் வாங்குவதற்கு முன் மோந்து பார்த்தார்கள். நிறுத்தியதைவிட மோந்து பார்த்ததுதான் அவளுக்குச் சுட்டது.

வீட்டுக்கு வந்து முதலில் அரிசியைக் குற்றம் சொன்னாள். பிறகு உளுந்தை. பிறகு எதிர்வீட்டுக்காரியின் கண்ணை. கிரைண்டருக்கு எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டினாள். கடைசியில் குழாய்த் தண்ணீர்தான் கெட்டது என்று முடிவுகட்டி, மலையிலிருந்து சுனைத்தண்ணீர் கொண்டுவரச் சொல்லி ஈஸ்வரனை ஏவினாள். வேலை முடிந்து ஜீப்பில் இறங்கும் எஸ்டேட்டுப் பெண்கள் ஆளுக்கொரு குடத்தை மடியில் இடுக்கிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு இடமும் வலமுமாகச் சாய்ந்து, பாதி நனைந்து வந்து சேர்ந்தார்கள். "ஏலக்கா லோடு எறக்குன ஜீப்பு, இப்ப தண்ணி லோடு எறக்குது" என்று ஈஸ்வரன் நொந்துகொண்டார். சுனைத்தண்ணீர் மாவும் தென்றல் நகரில் பத்து மணிக்குப் பொங்கியது.

ஆனால் பழைய ஊரில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அதே அரிசி, அதே உளுந்து, அதே கை. அங்கே சாயங்காலம் வரை மாவு அசையாமல் கிடந்தது. இதை யோசிக்க ஆரம்பித்த அன்றைக்கு மாயக்காள் சோறு தின்னவில்லை என்று ஈஸ்வரன் சொல்வார். அதை ஊரில் யாரும் நம்புவதில்லை.

மறுநாள் விடியலில் ஆட்டிய மாவை இரண்டு தூக்கில் ஊற்றினாள். ஒன்று பழைய ஊரில் அவள் வீட்டு நடையில் இருந்தது. மற்றது பானுப்பிரியா வீட்டு அடுப்படியில். அன்று பள்ளிக்கூட விடுமுறை. மதியம் நேராகப் போய், "ஏறுங்க டீச்சர் வண்டில" என்றாள். ஆசிரியை மடியில் அவர் வீட்டுத் தூக்கு. அது வழியெல்லாம் பொங்கிச் சேலையில் வழிந்தது. பழைய ஊரின் சந்துக்குள் வண்டி நுழைந்ததும் பானுப்பிரியா முதலில் சொன்னது மாவைப் பற்றி அல்ல.

"என்னக்கா இங்க இப்படிக் குளுகுளுன்னு இருக்கு!"

அந்தச் சந்தில் எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். இந்த வரிசையின் நிழல் அந்த வரிசை மேல் விழும், மதியத்துக்குப் பிறகு அது இதன் மேல் விழும். வெயிலுக்கு உள்ளே வர வழியே கிடைப்பதில்லை. பானுப்பிரியா சுவரில் கையை வைத்துப் பார்த்தார். "எங்க வீட்டுச் சுவரு ராத்திரிச் சாப்பாட்டுக்கும் சுடும்க்கா. பகல்ல வெயிலக் குடிக்குது, பொழுது சாஞ்சதும் அதைத் திருப்பித் துப்புது. போதாததுக்கு ஆளுக்கொரு ஏசி. உள்ள இருக்குற சூட்டத் தெருவுல கொட்டுறோம்." மாயக்காள் நடையில் இருந்த தூக்கைத் திறந்து காட்டினாள். மாவு சலனமில்லாமல் கிடந்தது. மாவு கெடவில்லை, தெருதான் கெட்டிருக்கிறது என்று இருவருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது. ஆளுக்குப் பாதி கண்டுபிடித்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மாயக்காளைக் கேட்டால் முழுவதும் அவள்தான்.

"ஏலச்செடிக்கு மரத்த விட்டு, நெழல் பாத்து வளக்குறான். மனுசன் குடியிருக்க எடம்னா மொதச் சோலியா மரத்த வெட்டுறான். எங்க மலையில செடிக்கு இருக்குற மரியாத இங்க ஆளுக்கு இல்லியே டீச்சர்!"

மரம் வைக்க இடம் ஏது என்றபோது பானுப்பிரியாதான் வழி சொன்னார். நகரின் முக்கில் ஒரு பெரிய மனை காலியாகக் கிடந்தது. மனை பிரிக்கும்போதே பூங்காவுக்கென்று ஒதுக்கியது, யாரும் விற்க முடியாது. செங்கல் உடைசலும் சிமெண்டுச் சாக்குமாகக் கிடந்த அந்த இடத்துக்குக் காவல் மாதிரி இருந்தவர் குடியிருப்போர் சங்கத் தலைவர் சின்னச்சாமி. ஏலக்காய்க் கமிஷன் மண்டி வைத்திருந்து மகனிடம் விட்டவர். நல்ல மனுஷர், ஆனால் சருகு என்றால் ஆகாது. "மரம்னா சருகு. சருகுன்னா பாம்பு" என்பது அவர் வாதம். பாதி இடத்தில் கல் பதித்துத் தகரக் கொட்டகை போடுவது, மீதிப் பாதியில் "அந்த மாவுக்காரி ஆசைக்கு" மரம் வைப்பது என்று சமாதானம் ஆனது.

கொட்டகை ஒரு மாதத்தில் எழுந்து நின்றுவிட்டது. மரத்தில்தான் மாயக்காள் சறுக்கினாள். மலையில் ஏலத்துக்கு நிழல் தரும் சந்தனவேம்பு அவளுக்கு உயிர். ஜீப் நிறையக் கன்று கொண்டுவரச் சொல்லி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, குலவை போட்டு நட்டாள். மலையில் மழை பார்த்துக்கொள்ளும் என்று நட்டுவிட்டு வரும் பழக்கம். போடித் தரையில் மழைக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. பங்குனி முடிவதற்குள் ஒரு கன்று மிச்சமில்லை. சின்னச்சாமி வேலியோரம் நின்று, "மலைக்காரி வச்ச கன்னு மலையேறிருச்சு" என்றார். நகரே சிரித்தது. அவள் அங்கேயே, எல்லோர் முன்னாலும் ஓவென்று அழுதாள். அழுகைக்கும் அதே குரல்தான். மூன்றாவது தெரு வரை கேட்டது.

அப்புறம் சில நாள் கழித்து மடி நிறையப் புங்கங்கொட்டையோடு வந்து இறங்கினாள். சிலமலை ரோட்டோரப் புங்கமரங்களுக்கடியில் பொறுக்கியது. "மலைமரம் எனக்குத் தெரியும். தரைமரம் தெரியல. அதுக்கென்ன இப்ப?" என்றாள். அவள் வாழ்நாளில் ஒத்துக்கொண்ட ஒரே தப்பு அதுதான் என்று ஈஸ்வரன் சாட்சி சொல்கிறார்.

இந்தத் தடவை மழையை நம்பவில்லை. தினமும் அரிசி, உளுந்து கழுவிய நீரைக் கேனில் பிடித்து மாவோடு மாவாக வண்டியில் ஏற்றி வந்தாள். தென்றல் நகரில் மாவு இறங்கும், புங்கைக்குக் கழனித்தண்ணீர் இறங்கும். மண் காயாமல் இருக்க, ஏலக்காய் சுத்தம் செய்யும்போது கழிகிற காம்பையும் தோலையும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து அடியில் பரப்பினாள். அது எந்த மண்டியிலிருந்து வந்தது என்று சின்னச்சாமிக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அவர் மகன் ஏற்றிவிட்டிருக்கிறான். பக்கத்தில் போனால் அந்தக் குப்பை மனை பாயச வாசம் அடித்தது. பாம்பு வரவில்லை, பக்கத்துத் தெருப் பெண்கள் வந்தார்கள்.

மரம் ஆள் உயரம் தாண்டியதும் மலைப்புத்தி வேலைக்கு வந்தது. கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி, தாழ்ந்த கிளையெல்லாம் கழித்தாள். "கீழ காத்து போகணும், மேல வெயிலு நிக்கணும். அம்புட்டுத்தான் கவாத்து" என்று மரத்தின் மேலிருந்தே பாடம் நடத்தினாள். சில வருஷத்தில் கிளைகள் ஒன்றோடொன்று கைகோத்தன. பக்கத்துத் தெரு மாவுகூடக் கொஞ்சம் நிதானமாகப் புளிக்க ஆரம்பித்தது. மோந்து பார்த்தவர்கள் மோந்து பார்ப்பதை விட்டார்கள்.

எல்லாம் நன்றாக இருக்கையில்தான், இந்த வருஷம் பங்குனியில், சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. காதுகுத்து, வளைகாப்பு என்று விசேஷம் பெருகிவிட்டது, கொட்டகை போதவில்லை. புங்கையை எடுத்துவிட்டு மனை முழுக்கத் தகரம் போடலாம் என்று சின்னச்சாமி சொன்னார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். மாயக்காளுக்கு அந்த நகரில் ஒரு சாண் மண் கிடையாது. கூட்டத்தில் வாயைத் திறக்க உரிமை கிடையாது. மாவுத் தூக்கோடு உள்ளே வந்து நின்றாள்.

"மொதலாளி, நாம பேசுனா பேச்சு வளரும். எம் மாவு சொல்லட்டும். சித்திர மொத ஞாயித்துக்கெழம, ஒரே மாவ ரெண்டு தூக்குல ஊத்துறேன். ஒன்னு ஒங்க தகரத்துக்கடியில, ஒன்னு எம் மரத்துக்கடியில. மரத்துக்கடியில இருக்குற மாவு புளிச்சுச்சுன்னா மரத்த வெட்டுங்க. நானும் இந்த நகருக்குள்ள மாவுன்னு கூவ மாட்டேன். புளிக்கலன்னா?"

"புளிக்கலன்னா?"

"தகரத்தக் கழத்தணும்."

"யாருத்தா தீர்ப்பு சொல்றது?" என்றார் சின்னச்சாமி.

"ஒங்க மூக்குதேன்."

அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஏலக்காயை நகத்தால் பிளந்து மோந்தால் அது எந்தச் சரிவில் விளைந்தது என்று சொல்லும் மூக்கு அவருடையது. மண்டியில் அந்த மூக்கு சொன்னதுதான் விலை. விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் ஒரே வாசத்தைச் சொன்ன மூக்கு என்று ஊரில் பெயர். எதிராளியையே நீதிபதியாக்கியதைக் கண்ட பானுப்பிரியா அவள் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றார். "வாசத்துல பொய் சொன்னா அந்த மனுசன் தூங்க மாட்டாரு டீச்சர்" என்றாள் மாயக்காள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் சும்மா அடிக்கவில்லை, பழி தீர்த்தது. காலையிலேயே வண்டியைப் புங்கைக்கடியில் நிறுத்திவிட்டு இரண்டு தூக்கையும் வைத்தாள். பிறகு யாரையும் கிட்டே விடவில்லை. எஸ்டேட் விடுமுறையானதால் ஈஸ்வரனும் ஜீப்போடு வந்து நின்றார். நகரின் சனமெல்லாம் எங்கே நின்று வேடிக்கை பார்ப்பது என்று யோசித்து, ஒருவர் பாக்கியில்லாமல் மரத்தடியிலேயே வந்து நின்றது. கொட்டகைக்குள் ஓர் ஆள் இல்லை. மாயக்காள் அதைப் பார்த்தாள், ஈஸ்வரனுக்கும் கண்ணைக் காட்டினாள்.

உச்சி தாண்டியதும் அடங்கமாட்டாமல் மரத்தடித் தூக்கில் காதை வைத்தாள். டப், டப் என்று கேட்டது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. மாவு முழித்துக்கொண்டதா? இத்தனை வருஷம் தண்ணீர் சுமந்தது இதற்குத்தானா? நிமிர்ந்தவளின் நெற்றியில் ஏதோ உதிர்ந்தது. புங்கம்பூ. சித்திரையில் பொரி மாதிரிக் கொட்டும் பூ. மூடி மேல் விழுந்துகொண்டிருந்ததும் அதுதான். உட்கார்ந்த இடத்திலேயே சிரித்தாள். ஏன் சிரிக்கிறாள் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

வெயில் சாயத் தொடங்கும் முன்னே சின்னச்சாமி வந்தார். முதலில் கொட்டகைக்குள் போனார். மூடியைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மாவு அதைத் தானே தள்ளிக்கொண்டு வெளியே வந்து கல்லில் வழிந்திருந்தது. மூக்கைச் சுளித்துக்கொண்டு வியர்வையோடு வெளியே வந்தார். பிறகு மரத்தடி. குனிந்தார், மோந்தார். நிமிர்ந்து மூச்சு விட்டு, மறுபடி குனிந்து மோந்தார். கூட்டம் அவர் மூக்கையே பார்த்தது. அவர் பார்வை மட்டும் தான் கட்டிய கொட்டகை மேல் போய் வந்தது.

"பச்ச மாவு" என்று வாய்க்குள்ளேயே சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, மண்டியில் விலை கூறும் குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னார்: "இது பச்ச மாவுப்பா! புளிப்பே ஏறல!"

பெண்கள் போட்ட குலவை போடிமெட்டு வரைக்கும் கேட்டிருக்கும். பானுப்பிரியா மாயக்காளைக் கட்டிக்கொண்டு குதித்தார். ஈஸ்வரன் ஜீப் ஹாரனை விடாமல் அழுத்தினார். சின்னச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஸ்பேனர் எவன்கிட்டடா இருக்கு? வெரசா கழத்துங்க" என்றார். சொன்னவர் மரத்தடியில் தனக்கென்று ஒரு நாற்காலியும் கொண்டுவரச் சொன்னார்.

பொங்கி வழிந்த மாவை மாயக்காள் வீணாக்கவில்லை. வெங்காயம் போட்டு அங்கேயே பணியாரம் சுட்டாள். "தகரத்துக்கும் ஒரு சோலி இருக்கத்தேன் செய்யுது மொதலாளி, பணியாரத்துக்கு மாவு புளிக்க வைக்கலாம்" என்று முதல் பணியாரத்தை அவருக்கே கொடுத்தாள். அவர் சிரித்துக்கொண்டே தின்றார். அதற்குள் முதல் தகரம் இறங்கியது. அது மறைத்திருந்த இடத்துக் கல்லில் ஒன்றைக் கடப்பாரையால் நெம்பிவிட்டு, பால் கவரில் வளர்த்துவைத்திருந்த புங்கங்கன்று ஒன்றைப் பானுப்பிரியா நட்டார்.

மாயக்காளுக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது. பழைய ஊருக்கு இன்னும் மாவு போகவில்லை. தூக்குகளை மாட்டிக்கொண்டு வண்டியருகே வந்தாள். கேட்காமலே பானுப்பிரியா செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். வண்டிக்கு.

வாங்கினாள். சீட்டைப் பார்த்தாள். காலையிலிருந்து நிழலில் நின்ற வண்டி, அதன் மேல் புங்கம்பூ உதிர்ந்து கிடந்தது. நாலு எட்டு நடந்து போய், செம்புத் தண்ணீர் முழுவதையும் புதுக்கன்றின் அடியில் சாய்த்தாள். திரும்பி வந்து, பூவைக்கூடத் தட்டாமல், சீட்டில் அப்படியே உட்கார்ந்தாள்.